வாயில்லாப் பிராணியும் ஒலிப்படமும்

நோயுற்ற மனிதன் தன் நோவு இன்ன இடத்தது, இத்தன்மையது என்று வைத்தியருக்கு எடுத்துரைப்பான். வாயில்லாப் பிராணிக்கு அவ்வாய்ப்பில்லை. அதன் வயிற்றினுள் நிகழ்வதை அறிதற்குச் சிறந்த துணை, ஸ்கேன் என மக்கள் வழங்கும் மீயொலிப் படமாகும். அதன் இயல்பையும், அதனை நாடவேண்டிய காலத்தையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதச் செவி கேளாது. இக்கருவியின் ஒலியோ 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட அதிர்வுகளையுடையது. அவ்வொலி உடலினுட் சென்று, உறுப்புகளின் எல்லைகளில் மோதி எதிரொலியாய் மீளும். மீளும் காலத்தைக் கணித்துக் கருவி படம் வரையும். நீர் கருமையாகவும், எலும்பின் மேற்பரப்பு வெண்மையாகவும் தோன்றும். இடையே காற்று நிற்பின் ஒலி செல்லாது. ஆதலின் மயிரை மழித்துப் பசை தடவுவர். 1958இல் கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்டு முதலியோர் மனித வயிற்றை இம்முறையால் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். 1966இல் செம்மறியாட்டின் சினையை மீயொலியால் அறியும் முறையும் வெளியாயிற்று.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். சேலம், நாமக்கல் சமவெளியில் தோட்டத்துச் சாளைகள் ஒன்றுக்கொன்று எட்ட நிற்பன. அங்கே ஆட்டுப்பட்டியைக் காப்பது நாயே. பெண் நாய் பருவங்கண்ட சில வாரங்களில் வயிறு பருப்பின், சினையென்றே வீட்டார் மகிழ்வர். அது கருப்பையிற் சீழ் நிறையும் கொடிய நோயாகவும் இருத்தல் கூடும். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். குட்டி ஈனட்டும் என்று அதுவரை காத்திருப்பின், நஞ்சு உடலெங்கும் பரவி உயிர்க்கே இறுதி நேரும். இணைந்த 25ஆம் நாளளவில் ஸ்கேன் செய்யின், சினையாயிற் குட்டிகளின் இதயத்துடிப்புத் தோன்றும். சீழாயின் நீர் நிரம்பி வீங்கிய கருப்பை தோன்றும். மிகுந்த தாகம், உணவில் வெறுப்பு, வாந்தி ஆகிய குறிகள் காணின் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. பெரும்பாலும் கருப்பையை அறுத்து நீக்குதலே தக்க சிகிச்சையாம்.

கருவி படத்தைக் காட்டும். அதன் பொருளைக் காண்பது பயின்ற கண்ணே. ஆதலின் முதற்கண் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகுக. அங்குள்ளார் மேல் ஆராய்ச்சி வேண்டுமெனின் தயங்காது செல்க. 1985இல் தோன்றிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இச்சமவெளியிலேயே உள்ளது. இத்தகைய கல்லூரிகளில் அறுவை, மகப்பேறு முதலிய துறைகளின் வல்லுநர் ஒருங்கே உளர். பிறரிடம் அனுப்புதல் முதல் வைத்தியரின் குறையன்று. தன் எல்லையை உணர்தலும் கல்வியின் பயனேயாம். செல்வோர் முன்னைய வைத்தியரின் கடிதம், கொடுத்த மருந்துகளின் பெயர், பருவங்கண்ட நாள் ஆகியவற்றைக் குறித்துக் கொண்டு செல்லுதல் நலம்.

பால் தரும் பசுவுக்குப் பொருள் செலவிடுவோர், நாய்க்கென்றால் பின்வாங்குவர். இரவெல்லாம் விழித்து நம் உடைமையைக் காக்கும் பிராணிக்கு ஒரு நாட்பயணம் மிகையாகுமோ? விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்காள், இதனை நும் வீட்டார்க்கும் அயலார்க்கும் எடுத்துரைப்பீராக.