மருள் நாரால் வில்நாண் திரித்தல்

நாண் அறுந்தால் கெடுவது நாண் மட்டுமன்று. வளைத்த விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி அதனைப் பிளந்துவிடுவதுமுண்டு. ஆகையால் நாரைத் தேர்வதிலேயே கவனம் வேண்டும்.

பழநூல்கள் மரல் எனக் கூறும் மருள், வறண்ட நிலத்திலும் தானே வளர்வது. வடமொழி மூர்வா இதுவே என்பாருளர். மௌர்வி என்னும் நாண்பெயர் மூர்வாவினின்று பிறந்தது.

முற்றிய மடல்களைப் பலகைமேற் கிடத்தி, மழுங்கிய கத்தியால் சதையை வழித்தெடுத்து, நாரை அலசி நிழலில் உலர்த்துக. நீரில் ஊறவிட்டு அழுகச் செய்தல் எளிதாயினும், நார் நிறங்கெட்டு வலுவும் குன்றும்.

நாரை இரு சம புரிகளாக்கி, தனித்தனியே வலப்புறம் முறுக்கி, இரண்டையும் சேர்த்து இடப்புறம் திரிக்க வேண்டும். இவ்வெதிர்முறுக்கே புரி பிரியாமற் காப்பது. இரு புரியிலும் ஒரே இடத்தில் புது நார் சேர்த்தால் நாண் அங்கேயே அறும். கயிறு திரிப்போர் அறிந்த சங்கதிதான். எனினும் அவசரத்தில் மறக்கப்படுவதும் இதுவே.

பின்னர்த் தேன்மெழுகு தேய்த்து, அம்பு பொருந்துமிடத்தில் பருத்தி நூலை நெருக்கிச் சுற்றுக. அம்பு விடுபடும்போது நேரும் அதிர்ச்சி இழுப்பினும் பெரிது. எனவே 30 ராத்தல் இழுப்புடைய வில்லின் நாண் 120 ராத்தலாவது தாங்க வேண்டும். வில்லில் ஏற்றுமுன் மரக்கிளையில் கட்டி, அப்பாரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். புரியில் ஓரிழை அறுந்து நிற்கக் கண்டாலும் அந்நாணைக் கழற்றிவிடுக.