வேர் மாறினால் சத்து மாறுமா?

பீர்மேட்டில் வீட்டுத் தோட்டத்துக்கு ஆப்பிள் ஒட்டுக்கன்று வாங்கும்போது, எந்த வேர்ச்செடியில் ஒட்டியது என்று பார்க்க வேண்டுமா? பழத்தின் சத்து அதனால் மாறுமா?
- வாசகர், பீர்மேடு

மாறும், ஆயினும் சத்தைப் பெரிதும் முடிவுசெய்வது மேலே ஒட்டப்படும் ரகமே என்பதால், ஒட்டுக்குக் கீழே நின்று வேர்விடும் பகுதியாகிய வேர்ச்செடி இரண்டாம் இடத்தையே பெறுகிறது. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் தரப்படுத்திய எம். 9 போன்ற வேர்ச்செடிகள் மரத்தைக் குட்டையாக நிறுத்துவதால், வெயில் உட்கிளைவரை இறங்கி, தோலுக்குச் சிவப்பூட்டும் ஆந்தோசயனின் என்னும் நிறமியைக் கூட்டுகிறது. அடர்ந்த மரத்தின் நிழலில் தொங்கும் காயோ வெளிறி, இனிப்பும் குறைந்துவிடுகிறது. அந்த நிறமி தோலிலேயே தங்குவதால், தோலைச் சீவி எறிபவருக்கு வேர்ச்செடி பட்ட பாடெல்லாம் குப்பைக்குத்தான். மண்ணிலிருந்து ஏறும் கால்சியத்தின் அளவும் வேர்ச்செடிக்கு வேர்ச்செடி வேறுபடும். அது குறைந்த பழத்தில் தோலுக்கடியில் கசப்பான பழுப்புப் புள்ளிகள் தோன்றும்.

பீர்மேட்டின் அடைமழையில் சத்தைவிட வேர் பிழைப்பதே முதல் கவலை. நீர் தேங்கும் மண்ணில் எம்.எம். 106 என்னும் வேர்ச்செடி, அடித்தண்டின் பட்டை அழுகும் கழுத்தழுகல் நோய்க்கு எளிதில் ஆளாகும்; எம்.எம். 111 ஓரளவு தாங்குமாதலால் அதையே கேட்டு வாங்கி, ஒட்டுக்கணு மண்ணுக்கு மேல் ஒரு சாண் நிற்குமாறு சரிவில் நடுவது நன்று.

சுமார் 5,000 அடி உயரக் காந்தளூரில் காய்க்கும் ஆப்பிள் ரகமெல்லாம் ஏறத்தாழ 3,000 அடியிலுள்ள பீர்மேட்டில் காய்க்காது என்பதால், குறைந்த குளிரே போதுமான அன்னா ரகத்தையும், அதற்கு மகரந்தம் தரும் டார்செட் கோல்டனையும் அருகருகே வைக்கலாம்.