தள்ளுபடியும் குடும்பச் சிக்கனமும்

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. கருமி செலவழிக்கவேண்டிய இடத்திலும் கையை மூடிக்கொள்கிறான். சிக்கனமுள்ளவனோ வேண்டிய இடத்தில் தாராளமாயும், வேண்டாத இடத்தில் உறுதியாயும் இருக்கிறான். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இந்தச் சிக்கனம் ஒரு கடமை. ஏனெனில் தகப்பன் கையிலுள்ள கூலி அவனுக்கு மாத்திரம் சொந்தமல்ல. பிள்ளையின் பாலும் மருந்தும் படிப்பும் அதில் அடங்கியிருக்கின்றன.

நம் வட்டாரத்தில் அநேகக் குடும்பங்கள் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களை நம்பி வாரக் கூலியில் வாழ்கின்றன. தீபாவளிக்கு முன் போனஸ் கைக்கு வருகிறது. அதே வாரங்களில்தான் ஆன்லைன் கம்பெனிகளின் பெரிய விற்பனையும் வருகிறது. தீபாவளி முடிந்ததும் பல பட்டாசு ஆலைகளில் சில வாரங்கள் வேலை நின்றிருக்கும். கை நிறையப் பணம் இருக்கும்போது ஆசை காட்டுகிறவர்கள், கை வெறுமையாகும்போது வீட்டுக்கு வந்து விசாரிக்கமாட்டார்கள். ஆகவே ஆன்லைன் தள்ளுபடியும் பரிசுப் புள்ளிகளும் எந்த அளவுக்கு உதவி, எந்த இடத்தில் கண்ணி என்பதைக் குடும்பத்தோடு ஆராய்ந்து பார்ப்பது பிரயோஜனமாயிருக்கும்.

1. தள்ளுபடி எப்படி உண்டாகிறது?

இதைப் பிற ஊர்க்காரருக்கு விளக்கிச் சொல்லவேண்டும், நமக்கு வேண்டியதில்லை. பட்டாசு விலைப்பட்டியலை நாம் அறிவோம். பெட்டிக்கு ஒரு பெரிய விலை அச்சிடுவார்கள். பக்கத்தில் 80 சதவீதம் தள்ளுபடி என்று போடுவார்கள். அந்த அச்சிட்ட விலைக்கு நம் ஊரில் யாராவது பெட்டி வாங்கியதுண்டா? இல்லை. தள்ளுபடி போக நிற்கும் தொகைதான் அதன் உண்மையான விலை. மேலே போட்ட எண் கண்ணைக் கவர்வதற்காகப் போட்டது.

இந்த ஞானத்தை நாம் பட்டாசுப் பெட்டியோடு நிறுத்திவிடுகிறோம். செல்போனில் 2,999 என்று அடித்துவிட்டு 799 என்று காட்டும் சட்டைக்கு மாத்திரம், “2,200 ரூபாய் மிச்சம்” என்று மகிழ்ந்துபோகிறோம். அந்தச் சட்டை தேவையில்லாமல் இருந்தால் மிச்சம் ஒன்றுமில்லை, 799 செலவு. இதுவே இந்தப் பாடத்தின் முதல் விதி: எவ்வளவு குறைந்தது என்று பார்க்காதே, கையைவிட்டு எவ்வளவு போகிறது என்று பார்.

2014 அக்டோபர் 6-ந் தேதி பிளிப்கார்ட் கம்பெனி தன் முதல் ‘பிக் பில்லியன் டே’ விற்பனையை நடத்தியது. சரக்கு உடனே தீர்ந்துபோயிற்று என்றும், விலையை உயர்த்திவிட்டுத் தள்ளுபடி காட்டினார்கள் என்றும் நாடெங்கும் புகார் எழுந்தது. மறுநாளே கம்பெனியின் ஸ்தாபகர்கள் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். பெரிய கம்பெனி சொல்லும் விலையையும் விசாரித்துப் பார்ப்பது குற்றமல்ல, அது புத்தி.

2. புள்ளிகளும் கேஷ்பேக்கும்

இது புதிய தந்திரமல்ல. அமெரிக்காவில் 1896-ம் வருஷத்தில் ஸ்பெரி அண்டு ஹட்சின்சன் என்னும் கம்பெனி பச்சை ஸ்டாம்புகளை வெளியிட்டது. கடையில் சாமான் வாங்கினால் ஸ்டாம்பு கொடுப்பார்கள்; அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் ஏதாவது ஒரு பொருள் கிடைக்கும். ஆனால் அந்த ஸ்டாம்புகளைக் கடைக்காரர் கம்பெனிக்குக் காசு கொடுத்தே வாங்கினார். அந்தக் காசை அவர் எங்கிருந்து எடுப்பார்? சாமான் விலையிலிருந்துதான். இன்றைய புள்ளிகளும் அதே வம்சம். இலவசம் என்பது பெரும்பாலும் நாமே முன்பணமாகக் கொடுத்தது, சற்றுப் பிந்தித் திரும்பி வருவதே.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஓர் அட்டையில் 100 ரூபாய்ச் செலவுக்கு ஒரு ரூபாய் பெறுமான புள்ளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்கு வாங்கினால் லாபம் 100. பில் தொகையைக் காலத்தில் கட்டத் தவறினால், மாதம் மூன்றரை சதவீதம் வட்டி போடும் அட்டையில் ஒரே மாதத்தில் 350 ரூபாய் போய்விடும். தாமதக் கட்டணம் அதற்கு மேல். தூண்டில்காரனுக்கு மிதப்பிலே கண் என்பார்கள். நம் கண் புள்ளியில் இருக்கிறது. அவர்கள் கண் நம் தவணைத் தேதியில் இருக்கிறது.

வட்டியில்லாத் தவணை என்பதையும் யோசித்துப் பாருங்கள். 2013-ல் ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று சொல்லி உண்மையான வட்டியை மறைக்கும் திட்டங்களைக் கண்டித்துத் தடுத்தது. இப்பொழுது வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டுத் தவணை போடுகிறார்கள். அந்த வட்டியின் பேரில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. பல வங்கிகள் நடைமுறைக் கட்டணமும் வாங்குகின்றன. மொத்தமாகக் கொடுத்து வாங்கினால் என்ன விலை, தவணையில் எல்லாம் சேர்த்து என்ன விலை என்று இரண்டையும் காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்தவேண்டும்.

3. கண்ணிகள்

2023 நவம்பர் 30-ந் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாங்குவோரை மயக்கும் 13 வகைத் தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்தது. அவற்றுள் நம் வீடுகளில் அதிகமாய்க் காணப்படும் நான்கைச் சொல்கிறோம்.

பொய் அவசரம்: “இன்னும் இரண்டே உள்ளன, பத்து நிமிஷத்தில் முடியும்” என்று விரட்டுவது.

கூடையில் நுழைத்தல்: நாம் கேளாத காப்பீட்டையோ நன்கொடையையோ பில்லில் சேர்த்துவிடுவது.

சொட்டு விலை: முதலில் சிறு விலை காட்டி, கடைசியில் டெலிவரி, பேக்கிங், மேடைக் கட்டணம் என்று கூட்டுவது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

சந்தாப் பொறி: முதல் மாதம் இலவசம் என்று சேர்த்துவிட்டு, விலகும் வழியை மறைத்து வைப்பது.

இவற்றில் சிக்கினால் சும்மா இருக்கவேண்டாம். 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி, கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்கவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

4. நம் ஊர்ப் பெயரில் நடக்கும் மோசடி

2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பட்டாசை ஆன்லைனில் விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அப்படியிருந்தும், “சிவகாசி நேரடி விலை” என்று படம் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு மறைகிற போலிக் கடைகள் ஒவ்வொரு தீபாவளிக்கும் முளைக்கின்றன. வெளியூரில் வேலை பார்க்கும் நம் உறவினர்கள் ஊர்ப் பெயரை நம்பி ஏமாறுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லி வைப்பது நம் கடமை.

எல்லா மோசடிக்கும் பொருந்தும் ஓர் அடையாளம் உண்டு: பரிசு தருகிறேன் என்று சொல்லி முதலில் நம்மிடம் பணமோ ரகசிய எண்ணோ கேட்பான். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. ரகசிய எண்ணை அடித்தால் பணம் வெளியேதான் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். தாமதமில்லாமல் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க இடமுண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று பயந்து தாய்மார் மறைப்பதால்தான் பல இடங்களில் பணம் அடியோடு போகிறது. ஆகவே கணவன்மாரே, ஏமாந்தவளை ஏசாதேயுங்கள். முதலில் போனை எடுங்கள்.

5. நியாயமான உபயோகம்

அப்படியானால் ஆன்லைனில் வாங்கவே கூடாதா என்று சிலர் கேட்கலாம். அப்படியல்ல. நம் ஊரில் கிடைக்காத புத்தகம், பரீட்சைக் கையேடு, மிக்சியின் உதிரிப்பாகம் போன்றவற்றுக்கு மதுரை வரை பஸ்ஸில் போய்வரும் செலவு மிச்சமாகிறது. நல்ல பொருள் உண்மையிலேயே மலிவாய்க் கிடைக்கும் நாளும் உண்டு. அதற்கு மூன்று பழக்கங்கள் போதும்.

முதலாவது, வேண்டியதை முந்தியே பட்டியல் எழுதி வைப்பது. பட்டியலில் இல்லாததை மூன்று நாள் கழித்தே வாங்குவது. இரண்டாவது, கடைத்தெருவில் விலை கேட்பது. நோட்டுப் புத்தகமும் டைரியும் அச்சாகும் சிவகாசி பக்கத்திலிருக்க, அவற்றைத் தூரதேசத்திலிருந்து வரவழைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். மூன்றாவது, பாக்கெட்டின் அளவைப் பார்ப்பது. ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே போடவேண்டும் என்பது விதி. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று எண்ணவேண்டாம். அந்த எண்ணைப் பார்த்தால் தெரியும்.

மேலும் ஒரு வார்த்தை. வேலையில்லாத வாரத்தில் அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்தவர் தெருமுனைக் கடைக்காரர். அஞ்சு ரூபாய்க்காக அவரைக் கைவிடுவது லாபமா என்றும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. நேர்மையும் ஒரு மூலதனம்

பண்டிகைக்கு உடுப்பு வரவழைத்து, ஒரு நாள் உடுத்திவிட்டு, அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ஐந்து நட்சத்திரம் போட்டுப் படம் அனுப்பினால் 100 ரூபாய் என்று பார்சலில் வரும் சீட்டுக்காக, மோசமான பொருளையும் நல்லது என்று எழுதுகிறவர்கள் உண்டு. முந்தினது ஏழாம் கற்பனைக்கு விரோதம். பிந்தினது எட்டாம் கற்பனைக்கு விரோதம். அந்தப் பொய்ச் சாட்சியை நம்பி வேறொரு ஏழைத் தாய் தன் கூலியை இழப்பாள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். 100 ரூபாய்க்காக அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுப்பது பொய்.

7. பெரிய சலுகைகள்

எந்தக் கூப்பனும் தராத லாபம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. வருஷத்துக்கு 12,000 ரூபாய்! மருந்துக்கு மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் உள்ளன. தினமும் மருந்து சாப்பிடும் பெரியவர் இருக்கும் வீட்டில், மாதா மாதம் மிச்சமாவது சிறு தொகையல்ல.

மிச்சம் பிடித்ததை எங்கே வைப்பது? கையில் வைத்தால் அடுத்த விற்பனை அதை இழுத்துக்கொள்ளும். தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்பு கட்டலாம். மாதம் 500 வீதம் ஐந்து வருஷம் கட்டினால், 30,000 ரூபாய் 6.7 சதவீத வட்டியில் 35,000-க்கு மேல் ஆகிறது. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு, வருஷத்துக்கு 250 ரூபாயிலிருந்து போடலாம். அவளுக்குப் பதினெட்டு வயதானபின் மேற்படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம்.

கேள்வியும் பதிலும்

கேள்வி: தள்ளுபடியில் வாங்குவது சேமிப்பா?
பதில்: தேவையுள்ள பொருளாயிருந்தால் மாத்திரம், மிச்சமான தொகையை எடுத்து வைத்தால் மாத்திரம்.

கேள்வி: பரிசுப் புள்ளிக்காகக் கூடுதலாக வாங்கலாமா?
பதில்: கூடாது. ஒரு ரூபாய் பெறுவதற்கு 100 ரூபாய் கொடுப்பது வியாபாரமாகாது.

கேள்வி: தவணையில் வாங்குமுன் செய்யவேண்டியது என்ன?
பதில்: எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்தத் தொகையை எழுதிப் பார்க்கவேண்டும்.

கேள்வி: பணம் தருகிறேன் என்று சொல்லி ரகசிய எண் கேட்பவன் யார்?
பதில்: திருடன்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். பிள்ளையின் படிப்பைவிட நாம் கட்டவேண்டிய கோபுரம் வேறு ஏது? இந்த வாரக் கூலி வந்ததும், கணவனும் மனைவியும் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சென்ற மாதம் ஆன்லைனில் வாங்கியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்றும் உபயோகத்திலுள்ள பொருளுக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். கோடு விழாதவற்றின் விலையைக் கூட்டுங்கள். மாதா மாதம் தபால் ஆபீஸில் கட்டவேண்டிய தொகை எவ்வளவு என்பதை அந்தக் கூட்டல் சொல்லிவிடும்.