போட்டோவில் சிவந்த கண்களைச் சரி செய்வது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, பழைய சிடிக்களிலும் மெமரி கார்டுகளிலும் கிடக்கும் போட்டோக்களை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்வது. நானும் அப்படித்தான் தூத்துக்குடி பனிமய மாதா கோவில் திருவிழாவில் மாமா டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்களைக் காப்பி செய்தேன். ஆண்டுதோறும் ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் முடியும் திருவிழா அது. பகலில் எடுத்த படங்களில் குறையில்லை. இரவில் பிளாஷ் போட்டு எடுத்தவற்றில்தான் பெரியம்மா முதல் கைக்குழந்தை வரை எல்லோர் கண்ணும் நெருப்புத் துண்டு!

ஏன் சிவக்கிறது?

இருட்டில் நம் கண்பாவை, அதாவது கண்ணின் நடுவில் உள்ள துவாரம், அகலமாக விரிந்திருக்கும். அது சுருங்குவதற்குள் பிளாஷ் வெளிச்சம் உள்ளே புகுந்து, ரத்தக் குழாய்கள் நிறைந்த பின்பகுதியில் பட்டு, சிவப்பாகத் திரும்பி வருகிறது. சிறிய கேமராக்களில் பிளாஷும் லென்சும் அருகருகே இருப்பதால் அந்த வெளிச்சம் நேராக லென்சுக்குள் வந்துவிடுகிறது.

கிம்ப் மூலம் சரி செய்வோம்

கிம்ப் ஓர் இலவச சாப்ட்வேர். 1995-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் எழுதத் தொடங்கியது. அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள்.

1. முதலில் போட்டோ பைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் எடிட் செய்த படத்தை அதே பெயரில் சேவ் செய்து, ஒரு நல்ல படத்தின் ஒரிஜினலை நான் இழந்திருக்கிறேன்.

2. கிம்ப்பைத் திறந்து, பைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, காப்பி எடுத்த படத்தைத் திறக்கவும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸ் வீலை உருட்டினால் முகம் பெரிதாகத் தெரியும்.

3. டூல் பாக்ஸில் எலிப்ஸ் செலக்ட் டூலைத் தேர்ந்தெடுத்து, ஒரு கண்ணின் சிவப்புப் பகுதியைச் சுற்றி வட்டம் இழுக்கவும். பிறகு ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு அடுத்த கண்ணையும் செலக்ட் செய்யவும். இப்படிச் செலக்ட் செய்யாவிட்டால் உதட்டின் சிவப்பு, கவுனின் சிவப்பு என்று படத்தில் உள்ள மற்றவையும் நிறம் மாறிவிடும்.

4. பில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ் சென்று, ரெட் ஐ ரிமூவல் என்பதைக் கிளிக் செய்யவும். பிரிவியூ பெட்டியில் டிக் இருக்கட்டும். திரெஷோல்டு என்ற ஸ்லைடரை இருபுறமும் மெதுவாக நகர்த்தி, சிவப்பு மறையும் இடத்தில் நிறுத்தி ஓகே கொடுக்கவும். திருப்தியில்லையா? கண்ட்ரோல், இஸட் கீகளைச் சேர்த்து அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

5. பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து, புதுப் பெயரில் ஜேபெக் படமாகப் பதியவும். சேவ் கட்டளை கிம்ப்பின் சொந்த பார்மட்டில் மட்டுமே பதியும்.

சிவப்பு முழுதாகப் போகவில்லையென்றால், கலர்ஸ் மெனுவில் உள்ள ஹியூ-சாச்சுரேஷனைத் திறந்து, சாச்சுரேஷனை -100 ஆக்கி, லைட்னெஸ்ஸைச் சற்றுக் குறையுங்கள். நாய், பூனை படங்களுக்கும் இந்த வழிதான். அவற்றின் கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னுவதால் ரெட் ஐ ரிமூவல் அங்கே பலன் தராது.

கண் வெள்ளையாகத் தெரிந்தால்?

கண்களைச் சரி செய்வதற்கு முன், குறிப்பாகக் குழந்தைகளின் படங்களில், இரண்டு கண்ணும் ஒரே நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஒரு கண் சிவப்பாகவும், மற்றது முத்துப் போல வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அதை எடிட் செய்யாதீர்கள்.

குழந்தை சற்று பக்கவாட்டில் பார்த்தாலே சில சமயம் இப்படி விழும். ஆனால் கண்புரை இருந்தாலும், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் இருந்தாலும் இதே வெள்ளை தெரியும். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. வீட்டில் எடுத்த போட்டோவைப் பார்த்துப் பெற்றோரே கண்டுபிடித்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும், பல நேரங்களில் பார்வையையும் காப்பாற்றலாம். எனவே 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். தூத்துக்குடி பக்கம் இருப்பவர்களுக்குத் திருநெல்வேலியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது ஒரிஜினல் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். காப்பி எடுத்து வையுங்கள் என்று முதலில் சொன்னது இதற்காகவும்தான்.

அடுத்த திருவிழாவுக்கு

கேமராவில் ரெட் ஐ ரிடக்ஷன் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். படம் எடுக்குமுன் ஒரு சின்ன வெளிச்சம் அடித்துக் கண்பாவையைச் சுருங்க வைக்கும். அந்த முதல் வெளிச்சத்திலேயே எல்லோரும் கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு! முடிந்தால் கூட்டத்தை விளக்குச் சரங்களுக்கு அருகில் நிற்க வைத்து, பிளாஷ் இல்லாமலே எடுத்துப் பாருங்கள்.