இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டு வேலை: அவசரமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்

பாடத்தின் நோக்கம்: இருதய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் எந்த வேலையை எப்போது தொடங்கலாம், எதில் மற்றவர்கள் கைகொடுக்க வேண்டும் என்பதைக் குடும்பமாக அறிந்துகொள்ளுதல்.



ஒரு தாயை நினைத்துப் பார்ப்போம். மண்சரிவினால் லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டுவந்து, உறவினரின் காம்பராவில் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார். கண்டியில் இருதய வால்வு மாற்றி, வீடு திரும்பி மூன்று வாரமாகிறது. முகம் தெளிந்திருக்கிறது, நடக்கிறார், பேசுகிறார். "நல்லாயிட்டாங்களே" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அண்டியிருக்கும் வீட்டில் சும்மா உட்கார அவருக்கும் கூச்சம். வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போகிறார்.

இங்கேதான் ஆபத்து. 10 லீற்றர் தண்ணீரின் பாரம் 10 கிலோ. அவருடைய நெஞ்செலும்பை நடுவே பிளந்து, கம்பியால் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். மேல்தோல் ஆறிவிட்டாலும் உள்ளே எலும்பு ஒட்ட 6 முதல் 8 வாரமும், நன்றாக உறுதிப்பட ஏறக்குறைய 12 வாரமும் செல்லும். தழும்பைப் பார்த்து வேலையை நிர்ணயிக்கக் கூடாது. வாரங்களை எண்ணியே நிர்ணயிக்க வேண்டும்.

படுத்தே கிடப்பதும் தவறு

சில வீடுகளில் பயத்தினால் நோயாளியை எழும்பவே விடுவதில்லை. அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டியாகும், நெஞ்சில் சளி கட்டும், உடல் தளரும். 1955 இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவருடைய வைத்தியர் போல் டட்லி வைட் படிப்படியாக நடமாடும்படி ஊக்குவித்தார். அடுத்த ஆண்டே அவர் மறுபடியும் ஜனாதிபதியாகத் தெரிவானார்.

வேதாகமத்தில் எலியாவின் வரலாறும் இதையே கற்பிக்கிறது (1 இராஜாக்கள் 19). சோர்ந்து விழுந்தவரைத் தேவதூதன் உடனே நடக்கச் சொல்லவில்லை. சாப்பிட்டார், உறங்கினார், மறுபடியும் சாப்பிட்டார். அதன் பிறகே நீண்ட வழி நடந்தார்.

வாரம் வாரமாக

1. முதல் இரண்டு வாரம்: சமதரையில் 5 நிமிடம், காலையும் மாலையும் நடக்கலாம். நாளுக்கு நாள் ஓரிரு நிமிடம் கூட்டலாம். நடக்கும்போது பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும். தானே முகம் கழுவி, உடுத்தி, மேசையில் இருந்து சாப்பிடலாம். எழும்பும்போது ஒரு பக்கம் திரும்பி, காலைக் கீழே விட்டு எழும்ப வேண்டும். கையை ஊன்றித் தள்ளக் கூடாது. இருமல் வந்தால் மடித்த துவாயை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

2. மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை: உட்கார்ந்தபடி கீரை ஆயலாம், அரிசி பார்க்கலாம், சிறு துணி மடிக்கலாம். படிகளை நின்று நின்று ஏறலாம். இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர் வாளி, விறகுக் கட்டு, கைப்பிள்ளை எதுவுமே இல்லை. தேங்காய் துருவுதல், அம்மியில் அரைத்தல், ஈரத் துணி பிழிதல் எல்லாம் நெஞ்சை இழுக்கும். பிள்ளை அழுதால், தாய் அமர்ந்திருக்க மற்றவர் மடியில் வைக்கட்டும்.

3. ஆறாம் வாரத்துக்குப் பின்: கிளினிக்கில் வைத்தியர் பார்த்துச் சம்மதித்தால் கூட்டலாம், சமைக்கலாம்; பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

4. மூன்று மாதத்துக்குப் பின்: மண்வெட்டி, கொழுந்துக் கூடை, மரக்கறி மூட்டை ஆகியவற்றுக்கு வைத்தியரின் அனுமதி வேண்டும். முதலில் பாரமில்லாத வேலை தரும்படி கடிதம் வாங்கித் தோட்டத்தில் கொடுப்பது நல்லது.

குளிக்கும்போது வெந்நீர் கலந்து குளிக்கவும். காயத்தில் எண்ணெய், மஞ்சள், பச்சிலை எதுவும் பூச வேண்டாம். அடுப்புப் புகையில் குனிந்து ஊதவும் வேண்டாம்.

மாத்திரையும் கிளினிக் கொப்பியும்

செயற்கை உலோக வால்வு வைத்தவர் 'வார்பரின்' மாத்திரையை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். விட்டால் வால்வில் இரத்தம் கட்டியாகி உயிருக்கே ஆபத்து வரலாம். கூடினால் இரத்தம் கசியும். ஆகவே தினமும் ஒரே நேரத்தில் எடுத்து, இரத்தப் பரிசோதனைத் தவணையைத் தவறவிடாதீர்கள். மறந்துவிட்டோம் என்று அடுத்த நாள் இரட்டிப்பாக எடுக்காதீர்கள். வல்லாரை, முருங்கைக் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ கேட்காமல் எடுக்க வேண்டாம். கருத்தரிக்க விரும்பும் பெண் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மலையில் அட்டை கடித்தால் இவர்களுக்கு இரத்தம் எளிதில் நிற்காது. கவ்வாத்துக் கத்தியிலும் கவனம் தேவை.

சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள், சத்திரசிகிச்சை முடிந்தாலும் வைத்தியர் சொன்ன காலம்வரை பென்சிலின் ஊசியைத் தொடர வேண்டும். நெருக்கமான காம்பராக்களில் பிள்ளைகளின் தொண்டை நோவை அலட்சியம் செய்யாதிருப்பதே அந்த நோயைத் தடுக்கும் வழி.

2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மண் சரிந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் செய்த அழிவையும் நாம் மறக்கவில்லை. ஓடும்போது எதையும் எடுக்க நேரமிருப்பதில்லை. ஆகவே கிளினிக் கொப்பியையும் ஒரு வார மாத்திரையையும் பொலித்தீன் பையில் கட்டி, வாசலருகே மாட்டி வையுங்கள். தொலைந்துபோனால் வெட்கப்படாமல் அன்றே அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

நெஞ்செலும்பு அசைவது அல்லது 'டக்' என்று சத்தமிடுவது, காயத்தில் சீழ், காய்ச்சல், படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்கி இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடுவது, நெஞ்சுவலி, மயக்கம், வாய் கோணுதல், கைகால் தளர்தல், பேச்சுக் குழறல், மலம் கறுப்பாகப் போவது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்துக்கு வாகனம் வராவிட்டால், நோயாளியை நடக்க விடாமல் கதிரையில் வைத்துப் பாதைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

குடும்பத்தாருக்கு

சத்திரசிகிச்சைக்குப் பின் காரணமின்றி அழுகை வருவதுண்டு. வீட்டையும் நிலத்தையும் இழந்தவருக்கு "நான் பாரமாகிவிட்டேன்" என்ற எண்ணமும் சேரும். அறிவுரை சொல்வதைவிட அருகில் இருங்கள். தண்ணீரும் விறகும் பெண்களின் வேலை என்று ஒதுங்காமல் கணவரும் மகன்மாரும் இந்த மூன்று மாதம் அதைச் செய்யட்டும். சோர்வு பல வாரம் நீடித்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

கலந்துரையாடுவோம்

1. நமது லயத்தில் அல்லது முகாமில் இருதய சத்திரசிகிச்சை செய்தவர் உண்டா? அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவர் யார்?
2. நம் வீட்டில் கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது?
3. இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் பிரதான பாதைவரை கொண்டுசெல்ல யார் யாரை எழுப்புவோம்?

இந்த வாரம் செய்ய: அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குத் தினமும் ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய் வையுங்கள். ஒருவர் சுமையை ஒருவர் சுமப்பது அங்கே தொடங்கட்டும்.