கழியில் இறங்கப் போகும் மருமகனுக்கு

அன்பு மருமகனுக்கு,

சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்த கையோடு தூண்டில் கம்பும் ரீலும் வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். நல்ல ஊரில்தான் வாங்கியிருக்கிறாய். அங்கிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் கிள்ளை, அதை ஒட்டியே பிச்சாவரம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவில் கிளைகிளையாகப் பிரியும் கழிகள். ஒரு கழி நலமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல இடம் அதிகமில்லை. அங்கே மீன் பிடிக்க ஆசைப்படுகிறவன் முதலில் கற்க வேண்டியது தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதை. மீன், நண்டு, மரம், பறவை எல்லாமே அந்தக் கணக்கில்தான் வாழ்கின்றன.

இந்தக் கரையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பலமாக இருக்கும். அட்டமி, நவமி வாக்கில் தண்ணீர் மந்தம். குஜராத் கரையில் இந்த ஏற்ற இறக்கம் பல மீட்டர். இங்கே ஒரு மீட்டருக்கு உள்ளேதான். ஆனால் தட்டையான சேற்று நிலத்தில் அந்த ஒரு மீட்டரே பெரிய விஷயம்: வற்றத்தில் முழங்காலளவு இருந்த இடம் ஏற்றத்தில் இடுப்பைத் தாண்டிவிடும். ஏறும் நீரோடு மீன் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே வருகின்றன. வற்றும் நீரோடு மக்கிய இலையும் அதன் சத்தும் கடலுக்குப் போகின்றன. மீன் இரை தேடுவது பெரும்பாலும் நீரோட்டம் உள்ள நேரத்தில். தண்ணீர் நின்றுவிட்ட வேளையில் தூண்டில் போட்டு உட்கார்ந்தால் வெயில்தான் மிச்சம். ஆகவே கிளம்புமுன் நாட்காட்டியைப் பார்; கரையில் வலை உலர்த்திக்கொண்டிருப்பவரிடம் தண்ணீர் ஏறுதா, வத்துதா என்று கேள். இரண்டாவது வழிதான் துல்லியமானது.

அடுத்து, எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது என்பது. பிச்சாவரம் காடு வனத்துறையின் காப்புக்காடு. 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்தக் காட்டு வாய்க்கால்களுக்குள் நீ தூண்டிலோடு போக வேண்டாம். அங்கே துடுப்புப் படகில் போய்க் கண்ணால் பார்ப்பதோடு சரி. 1975இல் வந்த ‘இதயக்கனி’ படம் எடுத்த இடம் என்று படகுக்காரர் காட்டுவார். அதையும் பார்த்துவிட்டு வா. தூண்டிலுக்குப் பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்றுக் கழிமுகம் இருக்கிறது. அங்கும் பாட்டு வலையும் வீச்சு வலையும் போட்டுப் பிழைப்பவர்கள் உண்டு. அவர்கள் வலை கட்டும் இடத்தை விட்டு ஒதுங்கி, கேட்டுவிட்டு உட்கார்.

படகில் போகும்போது மரங்களை அடையாளம் கண்டுகொள். தண்ணீர் ஓரத்தில் வில்லாக வளைந்த கால்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, நீண்ட பச்சைக் குச்சியாகத் தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லாவிட்டால் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கி வேர்விடும். சற்று உள்ளே, தரையிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி வேர் நீட்டியிருப்பது வெண்கண்டல். காற்றுப் புகாத சேற்றில் அந்த வேர்கள்தான் மூச்சு விடுகின்றன. வற்றத்தில் அவற்றை மிதித்து நடக்காதே. அதன் இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி நாவில் வைத்துப் பார், உப்புக் கரிக்கும். உள்ளே வந்த உப்பை அது இலை வழியாக வெளியேற்றுகிறது. சிதம்பரம் கோயிலின் தல மரமான தில்லையும் இங்கே உண்டு. அதன் கிளையை ஒடிக்கவே கூடாது. வடியும் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நலமான கழிக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் தேவையில்லை. வற்ற நேரத்தில் சேற்றைப் பார்த்தாலே போதும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெருத்த சின்ன நண்டுகள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்து அந்தக் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும். அவை எல்லாம் ஆண். பெண்ணுக்கு இரண்டும் சிறிய கொடுக்குதான். சேற்றை வாயில் அள்ளி, சத்தைச் சலித்துத் தின்றுவிட்டு மிச்சத்தைச் சிறு உருண்டைகளாகத் துப்பிப் போடும். தரை முழுக்கக் கடுகுபோல் கிடக்கும் அந்த உருண்டைகளைப் பார்த்தே நண்டு நிறைந்த சேறு என்று சொல்லிவிடலாம். அவை தோண்டும் வளைகள் வழியாகத்தான் காற்றும் புதுநீரும் மண்ணுக்குள் இறங்குகின்றன. அருகிலேயே, தலையுச்சியில் கண் துருத்திய உளுவை வகை மீன் ஒன்று சேற்றில் தாவித் தாவிப் போகும். தோல் ஈரமாக இருக்கும்வரை அதனால் தோல் வழியாகவே மூச்சு விட முடியும். நண்டும் இந்த மீனும் இல்லாத சேறு நாறிக்கொண்டு மட்டும் கிடந்தால், அந்தக் கழிக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்.

இனி உன் தூண்டிலுக்கு வருவோம். உள்ளே கிடைப்பவை மடவை, கொடுவா, கிழங்கான், செப்பிலி, ஓரா, கெளிறு. மடவை சேற்றில் படிந்த பாசியையும் மக்கலையும் சுரண்டித் தின்னும் மீன். கூட்டமாகத் துள்ளும், ஆனால் முள்ளில் எளிதில் மாட்டாது. அதை வீச்சு வலைக்காரருக்கு விட்டுவிடு. கிழங்கானுக்கு மெல்லிய தங்கூசி, சிறிய முள், இறால் துண்டு போதும். மணல் கலந்த அடித்தரையில் கிடைக்கும். கற்றுக்கொள்ள அதுதான் நல்ல மீன். கொடுவா வேறு ரகம். மரவேர் ஓரத்திலும் வாய்க்கால் முனையிலும் நிழலோடு நிழலாக நின்று, வற்றும் நீரில் வெளியே வரும் இறாலையும் குஞ்சு மீனையும் சட்டென்று விழுங்கும்.

கொடுவாவைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு முள்ளைப் போடு. அது பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். அதனால் ஆற்றிலும் கழியிலும் கிடைக்கும் மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறத்தாழ எல்லாமே பெண். ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டை இடக்கூடியது. பெரிய மீனைத் தூக்கிப் படம் எடுத்துக் கொன்றுவிடுகிறவன், ஒரு கழியின் அடுத்த தலைமுறையைச் சமையலறைக்கு அனுப்புகிறான். வளர்க்க விரும்புகிறவர்களுக்கு வேறு வழி வந்துவிட்டது: சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் இந்த மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்தது. நீ மிகச் சிறியதையும் விடு, மிகப் பெரியதையும் விடு. நடுத்தரமாக ஒன்றோ இரண்டோ வீட்டுக்குப் போதும். விடும்போது கையை நனைத்துக்கொண்டு பிடி. உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். பிறகு நோய் தொற்றும். வயிற்றுக்கடியில் முட்டைக் கொத்தோடு நண்டு வந்தால் அதையும் தண்ணீரிலேயே விட்டுவிடு.

இறாலின் கதையும் இதே நீரோட்டத்தோடு கட்டப்பட்டதுதான். வெள்ளை இறாலும் புலி இறாலும் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஏற்றத்தோடு கழிக்குள் வந்து, வேர்களுக்கிடையே ஒளிந்து சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. கடலில் விசைப்படகுக்காரர் வலையில் விழும் இறாலில் ஒரு பங்கு இந்த வேர்களுக்கு நடுவே வளர்ந்தது. கொசுவலைபோலக் கண் சிறுத்த வலையைக் கழியில் இழுத்தால் அந்தக் குஞ்சுகளைத்தான் வாரிக்கொண்டு போகும். யார் இழுத்தாலும் நீ அதில் கைகொடுக்காதே.

வலையே இல்லாமல் மீன் பிடிப்பவர்களையும் அங்கே பார்ப்பாய். பிச்சாவரத்து இருளர் ஆண்களும் பெண்களும் ஆழமில்லாத நீரில் மண்டியிட்டுத் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறாலையும் மீனையும் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். எந்தக் குழியில் நண்டு, எந்தக் குழியில் பாம்பு என்று விரல் நுனிக்குத் தெரியும். அவர்களில் ஒருவரோடு ஒரு காலை நேரம் கரையில் நடக்க வாய்த்தால் அதை விட்டுவிடாதே. அவர்கள் நேரத்துக்கு உரிய கூலியையும் கொடு.

இந்தக் கழி எப்போதும் இப்படி நலமாக இருக்கவில்லை. ஒரு காலத்தில் வனத்துறையே கண்டல் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேரடியாக விழுந்து மண் காய்ந்தது, நிலம் உள்வாங்கித் தாம்பாளம்போல் குழிந்தது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கிச் சுண்டியது. உப்பு ஏறி, எந்த நாற்றும் பிழைக்கவில்லை. ஊர்க்காரர்கள் விறகு வெட்டுவதாலும் மாடு மேய்ப்பதாலும்தான் காடு அழிகிறது என்று வெகுகாலம் பழி சுமத்தப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை வனத்துறையோடும் ஊராரோடும் சேர்ந்து ஆராய்ந்தபோதுதான் முதன்மையான கோளாறு நீரோட்டத்தில் என்று தெளிவானது. மருந்தும் எளிமையானதே: நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள், மீன் முள்ளைப்போல. தண்ணீர் தினமும் வந்துபோனது, உப்பு குறைந்தது, வாய்க்கால் சரிவில் நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. படகில் போகும்போது வரிசை பிசகாமல் மரம் நிற்கும் வாய்க்கால் கண்ணில் பட்டால், அது மனிதக் கையால் மீட்கப்பட்டது என்று அறிந்துகொள்.

அந்த உழைப்புக்கு, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று பலன் தெரிந்தது. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரை, கண்டல் காட்டுக்கு முன்னால், கடற்கரையில் இருந்த இரண்டு ஊர்கள் முற்றிலும் அழிந்ததையும், காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்கள் அழிவிலிருந்து தப்பியதையும் பதிவு செய்தது. எவ்வளவு தூரம் மரத்தால், எவ்வளவு தூரம் மேட்டாலும் தொலைவாலும் என்று அறிஞர்கள் பிறகு வாதிட்டார்கள். கரையில் மரம் நிற்பது நல்லது என்பதில் கிள்ளைக்காரர்களுக்கு வாதம் இல்லை.

கெடுப்பதற்கு அதிக நாள் ஆகாது. 1990களில் கிழக்குக் கரை நெடுக இறால் பண்ணைகள் முளைத்து, கழிவுநீரைக் கழிகளிலேயே விட்டன. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2005இல் தனிச் சட்டம் வந்து பண்ணைகளுக்கு உரிமம் வழங்கும் ஆணையம் அமைந்தது. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழியைப் பார்: அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப் போயின. பிச்சாவரத்தில் உன் வயதுப் பிள்ளைகள் விட்டுவரும் நெகிழிப் பையும் அறுந்த தங்கூசியும் அந்த அளவுக்கு இல்லைதான். ஆனால் அறுந்த ஒரு முழம் தங்கூசி ஒரு நாரையின் காலைக் கட்டிப்போடப் போதும். கொண்டுபோனதை எல்லாம் சுருட்டிக்கொண்டு வா.

உன் அம்மாவின் கவலைக்காக இரண்டு வார்த்தை. வெறுங்காலோடு இறங்காதே, வேரில் ஒட்டிய ஆளி ஓடு கத்தியாக அறுக்கும். திருக்கை சேற்றில் புதைந்து கிடக்கும், ஆகவே காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நட. அதிர்வு கேட்டு அது ஒதுங்கிவிடும். கெளிற்றின் முதுகு முள்ளிலும் பக்க முள்ளிலும் நஞ்சு உண்டு. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வை, பிறகு மருத்துவமனைக்குப் போ. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் கழியின் போக்கே மாறிவிடும். அந்த நாட்களில் போகாதே. தனியாக எப்போதும் போகாதே.

மழை ஓய்ந்ததும், மார்கழி முதல் மாசி வரை, தூண்டிலை விட்டுவிட்டு ஒரு தொலைநோக்கியோடு போ. வடக்கேயிருந்து வந்த உள்ளான்களும் வளைந்த நீள மூக்குக் கோட்டான்களும் வற்றச் சேற்றில் மேயும். விராலடிப்பான் தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, காலை முன்னே நீட்டி விழுந்து மீனைத் தூக்கும். வாய்ப்பிருந்தால் நீர்நாய்க் கூட்டமும் தென்படலாம். மீன் வளம் இல்லாத கழியில் அது குடியிருக்காது. பெயர் தெரியாதவற்றைக் குறித்துக்கொண்டு பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்துக்குப் போ. அங்குள்ள அருங்காட்சியகத்தில் பாட்டில் பாட்டிலாக அடையாளம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல் மாதம் தூண்டிலை உறையிலேயே வை. ஒரு நோட்டில் நாள், திதி, ஏற்ற நேரம், வற்ற நேரம், பார்த்த மீன், நண்டு, பறவை ஆகியவற்றை எழுது. பிறகு முள்ளைக் கட்டு. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மீன் படத்தைவிட அந்த நோட்டை மறக்காமல் எடுத்து வா. மாமா படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா