ஆண் மார்பக வீக்கம்: கத்தி கடைசிப் படி

சித்திரை வெயிலிலும் சட்டைக்குள் இறுக்கமான பனியன், அதன் மேல் இன்னொரு டி-சர்ட். நண்பர்கள் பம்புசெட்டில் குதிக்கும்போது கரையில் உட்கார்ந்து எல்லோருடைய செல்போனுக்கும் காவல். திருச்செந்தூர் போல ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டிய கோயில் என்றால், கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி. மார்பு புடைத்திருக்கும் ஆண்கள் பலர் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பிறகு ஒருநாள் 'ஒரே நாளில் தட்டையான மார்பு' என்ற விளம்பரம் கண்ணில் பட, யாரிடமும் கேட்காமல் கடன் வாங்கியாவது ஆபரேஷனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

கைனகோமாஸ்டியா எனப்படும் இந்தப் பிரச்சினைக்கு அறுவை சிகிச்சை நல்ல தீர்வுதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்னால் சில படிகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தால், தேவையே இல்லாத தழும்பு மிஞ்சலாம். உள்ளே இருக்கும் வேறு நோய் கவனிக்கப்படாமலும் போகலாம்.

முதலில் விரல்களால் பாருங்கள்

மல்லாந்து படுங்கள். பார்க்க வேண்டிய பக்கத்துக் கையைத் தலைக்குப் பின்னால் வையுங்கள். மறு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரங்களில் வைத்து, மெதுவாகக் காம்பை நோக்கி நகர்த்துங்கள். காம்புக்கு நேர் அடியில் வட்டமாக, முற்றிய நுங்கை அழுத்தினாற்போல் ஏதாவது தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. விரல்கள் தடையில்லாமல் காம்புவரை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வெறும் கொழுப்பு. இரண்டும் கலந்திருப்பதும் சகஜம்.

கொழுப்பு மட்டும் என்றால் எடை குறையக் குறைய மார்பும் குறையும். மருத்துவமனை வாசலை மிதிக்காமலேயே பலர் சரியாகிவிடுகிறார்கள். முற்றிய சுரப்பியோ எத்தனை தண்டால் எடுத்தாலும் கரையாது. ஜிம் மாஸ்டர் பேச்சைக் கேட்டு பெஞ்ச் பிரஸ் போட்டால், அடியில் உள்ள தசை பெருத்து மேலே இருப்பதை இன்னும் முன்னால் தள்ளிக் காட்டும்.

சில அறிகுறிகளுக்குத் தாமதமே கூடாது. ஒரு பக்கம் மட்டும், காம்புக்கு நேர் அடியில் இல்லாமல் ஓரமாக, மிகக் கெட்டியாக ஒரு கட்டி, தோல் உள்ளே இழுபடுவது, காம்பில் ரத்தக் கசிவு, அக்குளில் நெறிகட்டுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும். மொத்த மார்பகப் புற்றுநோயில் அது சுமார் 1 சதவீதம்தான். ஆனால் தனக்கும் வரும் என்று எந்த ஆணும் நினைப்பதில்லை. அதனால் நோய் முற்றிய பிறகே பலர் வருகிறார்கள்.

பையனுக்கு வயது என்ன?

பருவ வயதில், மீசை அரும்பும் காலத்தில், ஏராளமான பையன்களுக்கு மார்பு சற்று வீங்கும், தொட்டால் வலிக்கும். ஹார்மோன்கள் நிலைக்கு வர எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. பெரும்பாலோருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் தானாக வடிந்துவிடும். 14 வயதுப் பையனை அவசரமாக ஆபரேஷன் மேசையில் படுக்க வைப்பது, என் பார்வையில், பெற்றோர் செய்யக்கூடாத காரியம். மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்த்தால் போதும். இரண்டு ஆண்டு கடந்தும் குறையவில்லை, வீக்கம் மிகப் பெரிது, பையன் பள்ளிக்கே போக மறுக்கிறான் என்றால் கதை வேறு. அப்போதும் வளர்ச்சி ஓரளவு முடியட்டும் என்றுதான் மருத்துவர்கள் பார்ப்பார்கள். அதுவரை வீட்டில் கேலி கூடாது. மாமா, சித்தப்பா வேடிக்கையாகச் சொல்லும் ஒரு சொல்லுக்காகவே கூன் போட்டு நடக்கப் பழகிய பையன்கள் உண்டு.

காரணத்தைத் தேடுங்கள்

நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இதயம், கல்லீரல் நோய்களுக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன், முடி உதிர்வுக்கும் புராஸ்டேட்டுக்கும் தரும் ஃபினாஸ்டரைடு, மனநல மருந்தான ரிஸ்பெரிடோன், பழைய அல்சர் மாத்திரை சிமெடிடின், பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல் மாத்திரை இவையெல்லாம் மார்பை வீங்க வைக்கக்கூடியவை. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று கேளுங்கள்.

உடற்கட்டுக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசிதான் இன்றைய இளைஞர்களிடம் பெரிய வில்லன். உடம்பு அந்த ஆண் ஹார்மோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். கொழுப்புத் திசுவிலும் இதே மாற்றம் நடப்பதால்தான் பருமனானவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஊசி போட்டதை மருத்துவரிடம் மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆபரேஷன் செய்த பிறகும் ஊசி தொடர்ந்தால் மார்பு திரும்ப வளரும்.

கல்லீரல் சுருக்க நோய், சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு மிகைச் சுரப்பு, விதைப்பையில் கட்டி ஆகியவையும் காரணமாகலாம். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறக்கும் கிளைன்ஃபெல்டர் நிலையில் விதைகள் சிறுத்திருக்கும்; குழந்தையின்மைக்காகப் பரிசோதிக்கும்போதுதான் பலருக்கும் அது தெரியவரும். ஆகவே மருத்துவர் விதைப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் கூச்சப்படாதீர்கள். மார்பை மட்டும் பார்த்துவிட்டு ஆபரேஷன் தேதி குறிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ராடியால், எல்ஹெச், புரோலாக்டின், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், பீட்டா ஹெச்சிஜி ஆகியவை வழக்கமான ரத்தப் பரிசோதனைகள். தேவைப்பட்டால் ஸ்கேன்.

வீக்கம் புதிது, வலியும் இருக்கிறது என்றால் ஹார்மோன் நிபுணர் டமாக்சிஃபென் போன்ற மாத்திரையைச் சில மாதம் கொடுத்துப் பார்ப்பதுண்டு. ஓராண்டு கடந்தால் சுரப்பி நார்த்திசுவாக இறுகிவிடும். அதன் பிறகு மாத்திரைக்கு வேலை இல்லை, கத்திதான்.

யார் கையில் கத்தி?

எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள். பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் பட்டியலில் சரிபார்க்கலாம். முடி நடும் கிளினிக்கில் 'இதையும் செய்கிறோம்' என்றால், மயக்க மருந்து நிபுணர் யார், அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்கு மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் அதுவே பதில். முன்-பின் படங்களைக் காட்டினால், 'பின்' படம் எடுத்தது எத்தனை மாதம் கழித்து என்றும் கேளுங்கள்.

பணம் இல்லை என்பதற்காக மட்டமான இடத்துக்குப் போக வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை ராஜாஜி ஆகிய அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை உண்டு. புறநோயாளி சீட்டு எடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தனியார் காப்பீட்டில் அழகுக்கான அறுவை என்று சொல்லிப் பெரும்பாலும் மறுப்பார்கள். மருத்துவக் காரணம் இருந்தால் மருத்துவர் கடிதத்துடன் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பாருங்கள். ராணுவத் தேர்வுக்குப் போகிறவர்கள் கவனிக்க: மருத்துவப் பரிசோதனையில் இதற்காகத் தகுதியிழப்பு வரலாம். ஆபரேஷன் செய்தாலும் ஆறுவதற்கு அவகாசம் வேண்டும், எனவே தேர்வுத் தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னும், மேசையிலும்

குறைந்தது 4 வாரம் முன்பே சிகரெட்டை விடுங்கள். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். காம்புக்கு ரத்தம் போகவில்லை என்றால் தோல் கருகும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை போன்றவை சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காது குத்திய இடம் தடித்துப் போனவர்களுக்கு மார்பிலும் கீலாய்டு தழும்பு வரும் வாய்ப்பு அதிகம், அதையும் மறைக்காதீர்கள்.

1973இல் சைமன் என்பவர் வகுத்த தர வரிசையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். சிறிய வீக்கம் முதல் தரம். தோல் தொங்காத நடுத்தர வீக்கம் 2 ஏ, கொஞ்சம் உபரித் தோல் இருந்தால் 2 பி. பெண் மார்பு போலத் தொங்கினால் மூன்று. உங்கள் தரம் என்ன என்று கேட்டு வாங்குங்கள். தழும்பின் நீளத்தை அதுதான் தீர்மானிக்கிறது.

அன்று காலை உங்களை நிற்க வைத்துப் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் மார்பின் வடிவம் மாறிவிடும் என்பதால். மயக்கம் கொடுத்தபின், உப்புநீரில் அட்ரினலினும் லிக்னோகெயினும் கலந்து ஏற்றுவார்கள். ரத்தக்கசிவு குறைய அது உதவும். அக்குள் மடிப்பில் அல்லது மார்பின் கீழ் ஓரத்தில் சில மில்லிமீட்டர் துளை. அதன் வழியே மெல்லிய குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். பிறகு காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டக் கீறல். 1946இல் வெப்ஸ்டர் விவரித்த முறை இது. கருந்தோலும் வெளிர்தோலும் சேரும் கோட்டில் தழும்பு ஒளிந்துகொள்ளும். அந்த வழியாகச் சுரப்பியை வெட்டி எடுப்பார்கள். முழுவதையும் சுரண்டி எடுத்தால் காம்பு குழிந்துவிடும், அதனால் அடியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமன் விட்டுவைப்பதுதான் கைத்திறன். மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பலர் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்புகிறார்கள். தோல் மிகவும் தொங்கினால் அதையும் வெட்ட வேண்டும்; சிலருக்கு அது இரண்டாவது ஆபரேஷனாகத் தள்ளிப்போகும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் 24 மணி நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கி, இறுகி, வலி கூடினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே போன் செய்யுங்கள். காய்ச்சல், சீழ், சிவப்பு என்றாலும் அப்படியே.

இறுக்கு பனியனை 4 முதல் 6 வாரம், குளிக்கும் நேரம் தவிர, போட்டே இருக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்க்குரு வந்துவிடும் என்று இரவில் கழற்றி வைப்பவர்கள் நிறைய. நீர் கோப்பதும் வடிவம் கெடுவதும் அதனால்தான். இரண்டு பனியன் வாங்கி மாற்றி மாற்றித் துவையுங்கள். உள்ளே மடிப்பு விழாமல் இழுத்துவிடுங்கள், மடிப்பு தோலில் பதிந்துவிடும்.

மறுநாளே மெதுவாக நடக்கலாம். நாற்காலி வேலைக்கு ஒரு வாரத்தில் திரும்பலாம். மூட்டை தூக்குபவர், கொத்தனார் போன்றவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஓய்வு வேண்டும். மார்புப் பயிற்சி 6 வாரத்துக்குப் பிறகுதான். காம்பில் மரத்த உணர்வு சில மாதம் இருக்கும். சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர் உங்களிடம் பாதிதான் பேசியிருக்கிறார்.

எடுத்த திசுவைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லி, அறிக்கையை ஃபைலில் வையுங்கள். மூன்றாம் வாரம் கண்ணாடியைப் பார்த்து ஒரு பக்கம் பெரிதாகத் தெரிகிறது என்று பதறாதீர்கள். வீக்கம் முழுதாக வடிய 3 மாதம், கடைசி வடிவம் தெரிய 6 மாதம் முதல் ஓராண்டு ஆகும். ரத்தக்கட்டு, சீழ் போன்ற அவசரம் தவிர, வடிவத்தைத் திருத்த மறு ஆபரேஷன் என்று யார் சொன்னாலும் அந்த 6 மாதம் முடியும் முன் ஒப்புக்கொள்ளாதீர்கள்.